மூன்றாம் ஓலையும் நான்காம் பிரிவும்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் மகத்தானது ‘பரிசீலனை’ என்பதை உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ரெட்டியார்பாளையம் ஒப்புக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அந்தப் பெருமை முழுவதும் திருவாளர் தனிஸ்லாஸைச் சேரும். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் கோப்புகளைக் கலையாமல் காத்து ஓய்வு பெற்றவர். ‘பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத் திருத்த வரவேற்புக் குழு’வின் நிறுவனரும் தலைவரும் அவரே. அடுத்த தலைவர் யார் என்பதைப் பரிசீலிக்கும் துணைக்குழுவின் தலைவரும் அவரே.

நிதானம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. 1962இல் பிரெஞ்சு ஆட்சி முறைப்படி விலகி, பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தபோது, அவருடைய அப்பா மற்றவர்களைப் போலப் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அமைதியாக யோசித்தார். ஏழாவது மாதம் உறுதியான முடிவுக்கு வந்தார்.

அப்படித் தவறவிட்டவர்களின் வாரிசுகளுக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நாடாளுமன்றச் சபையில் ஓர் உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். அதன் நான்காம் பிரிவுதான் இந்தக் கதைக்கு முக்கியம்: குடியுரிமை பெறுகிறவரின் ‘மணமாகாத’ பிள்ளைகளுக்கும் அது வந்து சேரும்.

அதே வாரம் மூலக்குளத்திலிருந்து ஜோசப் ஆனந்த் பெண் கேட்டு வந்தான். ஏசி மெக்கானிக். தனிஸ்லாஸின் ஒரே மகள் மெரினுக்கு அப்போது இருபத்து நான்கு வயது; அவனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக இல்லை. தனிஸ்லாஸுக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது.

“பொண்ணு குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல தம்பி,” என்றார். “சபையில பாஸாவட்டும். அப்புறம் செனட்டு. அது முடிஞ்ச மறுநாளே கல்யாணம்.”

“எவ்ளோ நாள் ஆவும் மாமா?”

“வர்ற ஈஸ்டருக்கு முடிஞ்சிடும்.”

எந்த ஈஸ்டர் என்று ஜோசப் ஆனந்த் கேட்கவில்லை. வயது அப்படி.

மசோதா கமிட்டிக்குப் போனது. கமிட்டியிலிருந்து சபைக்கு வந்தது. சபையிலிருந்து செனட்டுக்குப் போய், அங்கே ஒரு கமாவை மாற்றிவிட்டுத் திரும்பியது. பிறகு சபையையே கலைத்துவிட்டார்கள், மசோதா காலமானது. குழு இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. எட்டு மாதம் கழித்து மசோதா புதிய எண்ணுடன் மறுபிறவி எடுத்தபோது தலைக்கு இரண்டு உளுந்து வடை வழங்கப்பட்டது.

பாரிஸிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் காகிதம் வரும். வந்ததும் தனிஸ்லாஸ் அதில் ‘பெறப்பட்டது’ என்று சீல் குத்தி, தேதி போட்டு, எண் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சீல் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். குழுவில் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் பிரெஞ்சு தெரியாது. அதனால் கருத்து வேறுபாடு என்பதே எழுந்ததில்லை.

செயலாளர் உழவர்கரை வடிவேல். கோவிலுக்குப் போகிறவரே தவிர மாதா கோயிலுக்குள் வருகிறவர் அல்ல. ஆகவே ஞாயிறு காலைப் பூசை முடியும் நேரம் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் மினிட்ஸ் நோட்டுடன் நிற்பார். கூட்டம் சரியாக எட்டேகாலுக்குத் தொடங்கியாக வேண்டும். சாமியார் நற்கருணை கொடுத்து முடித்து, ‘அறிவிப்புகள்’ என்று ஆரம்பித்ததும் தனிஸ்லாஸும் குழுவினரும் வரிசையாக வெளியே வந்துவிடுவார்கள். ஒன்பது ஆண்டுகளாக அவர்கள் ஒரு அறிவிப்பைக்கூடக் கேட்டதில்லை. இந்தக் கட்டுப்பாடு பாரிஸில் இருந்திருந்தால் மசோதா எப்போதோ நிறைவேறியிருக்கும்.

“இந்த வாரம் என்ன நெலம தலைவரே?” என்பார் வடிவேல்.

“பரிசீலனையில இருக்கு.”

“போன வாரமும் அதானே?”

“போன வாரம் வெறும் பரிசீலனை. இது தீவிரப் பரிசீலனை. எழுதிக்குங்க.”

மெரினுக்கு முப்பத்து மூன்று ஆனது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இரண்டு வருடமாகச் சாயங்கால பிரெஞ்சு வகுப்புக்கும் போய்வந்தாள். சட்டம் வந்ததும் உதவும் என்று தனிஸ்லாஸுக்கு ஒரே பூரிப்பு. ஜோசப் ஆனந்துக்கு முன்தலையில் முடி போய்விட்டது. அதுவும் மசோதாவும் ஒரே வேகத்தில் நகர்ந்ததாக அவன் நண்பர்கள் சொன்னார்கள்.

போன மாதம் முதல் ஞாயிறு, கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது பாடகர் குழு சுலோசனா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப சந்தோசம் சார். ஒரு வழியா ஆவுது பாருங்க.”

“இன்னும் செனட்டு பாக்கி இருக்கும்மா,” என்றார் தனிஸ்லாஸ் அடக்கத்துடன்.

சுலோசனா கொஞ்சம் விழித்துவிட்டுப் போனாள். மறு ஞாயிறு ஏழெட்டுப் பேர் வாழ்த்தினார்கள். ஒருவர் “சாப்பாடு எங்க?” என்றார். மசோதா மக்கள் இயக்கமாகிவிட்டது என்று வடிவேலிடம் சொல்லி, அதை மினிட்ஸிலும் ஏற்றினார்.

மூன்றாம் ஞாயிறு மழை. வெளியே வந்தவர், குடையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினார். இப்படித்தான் ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக ஓர் அறிவிப்பு, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் வாசிக்கப்படுவது, அவர் காதில் விழுந்தது.

“திருமண ஓலை. மூன்றாம் முறை. மூலக்குளத்தைச் சேர்ந்த ஜோசப் ஆனந்துக்கும், நம் பங்கைச் சேர்ந்த தனிஸ்லாஸ், லூர்துசெல்வி ஆகியோரின் மகள் மெரினுக்கும்... தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும்.”

குடையை எடுக்காமலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மனைவி லூர்துசெல்வி முன்வரிசையில் தலை குனிந்து செபித்துக்கொண்டிருந்தாள். செபம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

பூசை முடிந்ததும் சாமியாரின் அறைக்குள் நுழைந்தார்.

“சாமி, தடை இருக்கு.”

“சொல்லுங்க. பையனுக்கு வேற கல்யாணம் எதுனா ஆயிருக்கா?”

“இல்ல சாமி. செனட்டுல ஓட்டெடுப்பு இன்னும் நடக்கல.”

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “திருச்சபைச் சட்டத்துல தடைங்க நெறைய இருக்கு. செனட்டு இல்லியே. ரெத்த உறவா?”

“இல்ல.”

“பொண்ணுக்கு விருப்பம் இல்லியா?”

“அவளுக்கு ஒன்பது வருசமா விருப்பம்தான்.”

“அப்ப இது தடையில்ல, தாமதம். தாமதத்துக்கு நாங்க ஓலை வாசிக்கறதில்ல.”

கதவருகே மெரின் நின்றிருந்தாள். பின்னால் லூர்துசெல்வியும் ஜோசப் ஆனந்தும். குழப்பத்தில் வடிவேலும் நோட்டுடன் முதல் முறையாக உள்ளே வந்துவிட்டிருந்தார்.

“நாலாம் பிரிவு, மெரின்,” என்றார் தனிஸ்லாஸ். “எங்கப்பா தொலைச்சத உனக்குத் திருப்பித் தரணும்னுதானம்மா. கல்யாணம் ஆச்சின்னா நீ லிஸ்ட்டுலயே வர மாட்ட.”

மெரின் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ஓரம் பழுப்பேறியிருந்தது.

“நாலாம் பிரிவுலேர்ந்து ‘மணமாகாத’ன்ற வார்த்தைய எடுத்துட்டாங்கப்பா. கல்யாணம் ஆனவங்களுக்கும் உண்டுன்னு மாத்திட்டாங்க. மறுபடி வந்த மசோதாலயும் அப்படியேதான் இருக்கு.”

“எப்ப?”

“ரெண்டாவது வருசமே. கமிட்டியில, ஒரே மத்தியானத்துல.”

“இது... யாரு குடுத்தா உனக்கு?”

“நம்ம பீரோவுலதான் இருந்துச்சி. அம்மா சாவி குடுத்துச்சி. இப்பதான் எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியுமே.”

“நாந்தான் குடுத்தேன்,” என்றாள் லூர்துசெல்வி. “உங்களக் கேட்டிருந்தா பரிசீலிச்சிருப்பீங்க.”

தனிஸ்லாஸ் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்க முடிந்த ஒரே வரி வலது மூலையில் ஊதா மையில் இருந்தது. ‘பெறப்பட்டது.’ கீழே ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி, அவர் கையெழுத்து. எந்த நாடாளுமன்றத்திலும் எவரும் காணாத வேகத்தில் அவருக்கு வெட்கம் வந்தது.

“தலைவரே,” என்றார் வடிவேல் மெல்ல, “மினிட்ஸ்ல என்னான்னு எழுத?”

ஜோசப் ஆனந்த், பெஞ்சிலிருந்து எடுத்து வந்த தனிஸ்லாஸின் குடையை நாற்காலியில் சாய்த்து வைத்தான்.

மெரின் ஓர் உறையை நீட்டினாள். அப்பாவின் பெயர் எழுதிய முதல் கல்யாணப் பத்திரிகை. தனிஸ்லாஸ் இரு கையாலும் வாங்கினார். கண் கலங்கியிருந்தது, சந்தேகமே இல்லாமல் அழுதார். ஆனாலும் முப்பத்தோரு ஆண்டுப் பழக்கம் ஆயிற்றே, வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ச் சீலை எடுத்துவிட்டது.

மெரின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல படிங்கப்பா.”