கண்ணாலேயே கிருமி பார்ப்பவர்

நுண்ணோக்கி தேவைப்படாத ஓர் இனம் உலகத்தில் உண்டு. தண்ணீரை டம்ளரில் பிடித்து, ஜன்னல் பக்கம் உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, கடைசியில் "சுத்தம்" என்பார்கள். கிருமி என்ன, கையசைத்துக் காட்டவா போகிறது?

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவின் தண்ணீர் அறைப் பொறுப்பாளர் இந்த இனத்தின் திலகம். அவர் தரும் தண்ணீரில்தான் இரத்தம் சுத்தம் செய்யும் திரவத்தைக் கலக்கிறார்கள். அதை நம்பித்தான் சிறுநீரகம் கெட்ட ஒரு தம்பி, அக்காவின் துணையோடு வந்து, வாரம் மூன்று நாள் அங்கே படுக்கிறான். ஆனால் திங்கட்கிழமை மட்டும், மெஷின் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும், கட்டில் ஆடும், மூன்று போர்வை போதாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா, தேதி மணியோடு நோட்டில் எழுதினாள். ஐந்து திங்கள், ஐந்து நடுக்கம்.

நோட்டோடு தண்ணீர் அறைக்குப் போனாள்.

"சார், ஞாயித்துக்கிழமை பூரா குழாய்ல தண்ணி சும்மா நிக்குதே, அதுல ஏதாச்சும் வளருமா?"

"என் தண்ணியையா சொல்றீங்க? பாருங்கம்மா, பளிங்கு."

"பளிங்குதான். டெஸ்டுக்கு அனுப்புனீங்களா?"

"மாசாமாசம். ஒரு கிருமி கிடையாது."

ரிப்போர்ட்டும் அப்படியே சொன்னது. தன் நோட்டின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்போதுதான் ஆய்வகத்துக்குப் போகவிருந்த புட்டியும், பக்கத்தில் காலியான கடைத் தண்ணீர் பாட்டிலும் கண்ணில் பட்டன.

"இது எந்தத் தண்ணி சார்?"

"கடையில வாங்குனதும்மா. நாலு படிச்சவங்க பாக்குற இடம். குழாய்த் தண்ணியையா அனுப்புறது?"

அக்கா அங்கேயே நின்று, குழாயிலிருந்தே பிடிக்க வைத்தாள். ரிப்போர்ட்டில் கிருமி மந்தை மந்தையாக இருந்தது. டாக்டர் விளக்கினார்: "மெஷின்ல இரத்தத்துக்கும் அந்தத் தண்ணிக்கும் நடுவுல ஒரு சவ்வு இருக்கு, கிருமி அதைத் தாண்டாதும்மா. அது செத்து உடைஞ்ச துணுக்கு தாண்டும். உடம்பு அதைப் பாத்துட்டு, பெரிய படையே வந்துடுச்சுன்னு சண்டைக்குக் கிளம்பிடும். அதான் நடுக்கம், ஜுரம்."

குழாய்களை மருந்து விட்டுக் கழுவினார்கள். அடுத்த திங்கட்கிழமை தம்பி ஒரே போர்வையில் குறட்டை விட்டான். அக்கா அவன் நெற்றியில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, "ஜுரமே இல்ல" என்றாள்.

தம்பி விழித்தான். "தெர்மாமீட்டர் வச்சியா?"

"எதுக்குடா? என் கை பொய் சொல்லுமா?"

சிரிக்காதீர்கள். இன்று காலை பாலை மோந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டுக்கே காபி போட்டுக் கொடுத்தது யார்?