கலர் மாஸ்டரின் கை

நாட்டில் ஒரு வருடம் முழுக்க என்னென்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் பேப்பர் படித்ததே கிடையாது. கலர் மாஸ்டரின் கையைப் பார்த்தால் போதும். தேர்தல், கிரிக்கெட், கச்சேரி எல்லாம் அவர் முழங்கை வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலிபாளையத்தில் டீ-ஷர்ட்டுக்கு பிரிண்ட் அடிக்கும் ஒரு யூனிட்டில் நான் சூப்பர்வைசர். கலர் கலக்குவது அவர். கரண்டி, கையுறை எதுவும் அவருக்கு ஆகாது, கையை விட்டுத்தான் கலக்குவார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கையில் எந்தக் கலரோ, அவர் அந்தக் கட்சி. அதுதான் அவருடைய கிறுக்கு. கேட்டால், "சோறு போடற கலருங்க. அதுக்கு எதிரா எப்படிப் பேசறதுங்க?" என்பார்.

ஒரு வருடம் கிரிக்கெட் இறுதிப் போட்டி நடந்த வாரம் பார்த்து, எதிரணி நாட்டு ரசிகர்களுக்குச் சிவப்பு டீ-ஷர்ட் ஆர்டர் வந்திருந்தது. டீக்கடை டிவி முன்னால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நம் ஆள் அவுட். ஒரே ஒருவர் மட்டும் கை தட்டினார். சிவப்புக் கை. கடைக்காரர் பாதி டீயோடு அவரை வெளியே தள்ளிவிட்டு, பின்னாலேயே ஓடிப்போய் டம்ளரை வாங்கிவந்தார்.

ஒரு பாடகரின் கச்சேரிக்குக் கறுப்பு டீ-ஷர்ட் போட்டபோது, அந்த ஆளின் ஒரு பாட்டுகூடத் தெரியாமல் அவருக்காகப் பக்கத்து யூனிட்டோடு மல்லுக்கு நின்றார். ஆகஸ்ட் பதினைந்துக்கு மூன்று கலரும் ஒன்றாகக் கையில் ஏறியதால் யாரோடும் சண்டை போட முடியவில்லை. பாவம், எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டு திரிந்தார்.

இதற்கெல்லாம் முன்னால், அதே வருடக் கோடையில், தேர்தல் வந்தது. கட்சிப் பெயர் வேண்டாம், பச்சை, ஊதா என்றே வைத்துக்கொள்வோம். நான் இன்னும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன்.

அப்போதுதான் தாராபுரத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். சுகந்தி. பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் அப்பாவோ பழுத்த ஊதாக் கட்சிக்காரர். பச்சைக் கட்சிக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சொல்லி, வந்த ஒரு நல்ல வரனை ஏற்கெனவே விரட்டியவர். "மாப்பிள்ளை வேலை செய்யற எடத்தை ஒரு எட்டுப் பார்த்துட்டு வர்றேனுங்க" என்று அவர் கிளம்பிவிட்டதாகக் காலையில் போன் வந்தது.

யூனிட்டில் அன்று காலை ஓடியது பச்சைக் கட்சியின் ஆர்டர், எங்கள் பாஷையில் பச்சை லாட். மாஸ்டரிடம் கெஞ்சினேன். "மாஸ்டர், இன்னைக்கு ஒரு நாள் கையக் கழுவிடுங்க."

"லாட் முடியாமக் கை கழுவுனா பிரிண்ட் வெளுத்துரும் கண்ணு."

மாமா வந்தார். ஊதாக் கரை வேட்டி. உள்ளே நுழைந்தவர் தலைக்கு மேல் வரிசையாகப் பச்சை டீ-ஷர்ட்கள் காய்ந்துகொண்டிருந்தன. போதாததற்கு மாஸ்டர் நேராக அவரிடம் போய்ப் பச்சைக் கட்சிக்கு ஓட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இது கம்பெனியா, அவங்க கட்சி ஆபீஸா?" என்று மாமா கிளம்பப் போனார். டீ வாங்கிவரச் சொல்லி எப்படியோ உட்காரவைத்தேன்.

டீ வருவதற்குள் பச்சை லாட் முடிந்தது. அடுத்தது ஊதாக் கட்சி லாட். மாஸ்டர் கையை நன்றாகக் கழுவிவிட்டு ஊதா டப்பாவுக்குள் விட்டார். விட்ட கையோடு மாமாவிடம் திரும்பிவந்து, தான் பச்சைக்காகச் சொன்ன ஒவ்வொரு நியாயத்தையும் தானே கிழித்துத் தோரணம் கட்டினார். மாமா டீயை ஆறவிட்டுவிட்டு வாய் பிளந்து கேட்டார்.

"எங்க கட்சிப் பேச்சாளருக்குக்கூட இதெல்லாம் வராதுங்க. அது சரி, நீங்க நெசமா எந்தக் கட்சி?"

"ஓட்டுப் போடப் போறப்ப மட்டும் கையச் சுத்தமாக் கழுவீட்டுப் போவேனுங்க சாமி. அங்க அவங்க வெக்கற மையிதானுங்க என்ற கலர்."

மாமா என் பக்கம் கை காட்டினார். "பையன் எந்தப் பக்கமுங்க?"

"பச்சையும் ஊதாவும் ஈரத்துல ஒண்ணு மேல ஒண்ணு பட்டா, ரெண்டு லாட்டும் போச்சுங்க. படாமப் பார்த்துக்கறதுதான் இந்தப் பையனுக்கு வேலை. ஒரு நாளும் விட்டதில்லீங்க. உங்க புள்ளைய நம்பிக் குடுங்க, ஊட்டையும் இப்படித்தான் பார்த்துக்குவான்."

மாமா சிரித்துவிட்டார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆவணியிலயே வெச்சுக்கலாமுங்க" என்றார்.

கல்யாணத்துக்கு மாஸ்டர் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார். எங்கள் யூனிட் ஆட்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. அட்சதைத் தட்டில் ஒரு கை அள்ளித் தூவிவிட்டு மேடையேறி வந்து, உள்ளங்கையை எங்கள் முன்னால் விரித்தார். மஞ்சள்.

"இன்னைக்கு இந்தக் கலருங்க கண்ணு. நான் உங்க ரெண்டு பேரு கட்சி."

மறுநாளே அவர் வேறு கலருக்கு மாறியிருப்பார் என்று நினைத்தேன். எத்தனையோ தேர்தல், எத்தனையோ மேட்ச் வந்து போய்விட்டது, இந்தக் கட்சியை மட்டும் மனிதர் விடவில்லை. எங்கள் கல்யாண நாளன்று வருடா வருடம் உள்ளங்கையில் மஞ்சளைப் பூசிக்கொண்டு வந்துதான் கதவைத் தட்டுகிறார். அவர் மட்டும் இல்லையென்றால் எனக்கு சுகந்தி இல்லை, இந்த வீடும் இல்லை. நன்றி சொல்லப் போனால், "லாட் ஓடுதுங்க" என்று கிளம்பிவிடுவார்.

வீடு முழுக்கத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் சுகந்தி, கதவில் இருக்கும் அந்த மஞ்சள் கையை மட்டும் துடைப்பதில்லை.