குக்கர் மூடியும் காணாமல் போன குளியலறையும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், தனித்தனியாக நலம். மாடியை வாடகைக்கு விடப்போகிறேன் என்றதும், "அது என் பொண்ணு வந்தா தங்குற இடம்" என்று சொல்லி அவள் என்னிடம் பேச்சை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். அங்கு நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் காரியத்தைக் கெடுத்தவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

வாடகைக்கு ஆள் பிடிக்க மாடி ஹாலை ஒரு போட்டோ எடுத்துத் தாருங்கள் என்றுதான் கேட்டேன். சாதாரண போட்டோ. நீங்கள்தான், "மாமா, சுத்தி நாலு பக்கமும் ஒரே படத்துல தெரியும், அதுக்கான கேமராவைக் கடையில வாங்கினா யானை விலை, நானே செஞ்சுடுறேன்" என்று சொல்லி, சொந்தக்காரர்கள் கழித்துப்போட்ட ஆறு போன்களைத் திரட்டி, எங்கள் குக்கர் மூடியின் விளிம்பில் டேப் போட்டு ஒட்டி, ஸ்டூல் மேல் ஏற்றினீர்கள். நானும் அத்தையும் ஆளுக்கொரு ஜன்னலோரம் முறைத்துக்கொண்டு நின்றோம். நாலு பக்கமும் பார்க்கும் கருவியிடமிருந்து ஒளிய இடமில்லை என்று நீங்கள் ஸ்டூலுக்கு அடியில் புகுந்தீர்கள். "பக்கத்துப் படத்துல ஒரே மாதிரி இருக்குறதக் கண்டுபிடிச்சு கம்ப்யூட்டரே ஒட்டிடும் மாமா!" ஒட்டியது. வெற்றுச் சுவரில் வேறு அடையாளம் கிடைக்காமல், அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்த இரண்டு ஜன்னல்களையும் ஒன்றென்று நினைத்து ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டியது. நடுவில் இருந்த குளியலறைக் கதவு போயே போய்விட்டது. ஒரே சுண்ணாம்பு அடித்த சுவர் போனுக்கொரு நிறமாக இங்கே மஞ்சள், அங்கே நீலம். உங்கள் முழங்கால் மட்டும் பிசகில்லாமல் விழுந்திருக்கிறது.

படத்தைப் பார்த்து போன் செய்த ஒருவர், "எல்லாம் சரி சார், குளிக்க எங்க போறது?" என்றார்.

"இருக்கு சார், படத்துலதான் இல்ல."

"படத்துலயே மறைக்கிறீங்கன்னா நேர்ல என்னென்ன மறைப்பீங்களோ" என்று வைத்துவிட்டார். நேரில் வந்த இன்னொருவர் அந்த முழங்காலைக் காட்டி, "இவரும் வீட்டோட வருவாரா?" என்றார். மானம் கப்பலேறியது. இன்ஜினியர் மாப்பிள்ளை என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்ட வாய் இது. மூடியையும் நீங்களே எடுத்துக்கொண்டு போனதில் குக்கர் வேறு மூலையில் கிடக்கிறது.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, பாதி.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு ஜன்னல் ஒன்றானதில் நாங்கள் ஒரே ஜன்னலோரம், புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி அருகருகே நிற்கிறோம். சிரித்துவிட்டாள். "நடுவுல இருந்த பாத்ரூம் போனா இவ்வளவு கிட்ட வந்துடுவோமா?" என்றாள். என்னிடம்தான் சொன்னாள். படத்தைச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். மாடி வாடகைக்கு இல்லை. இருவரும் வந்து தங்குங்கள். குக்கர் மூடியையும் கொண்டு வாருங்கள், கீழ் ஹால் இன்னும் படம் எடுக்கப் பாக்கி. எந்த ஜன்னலோரம் நிற்க வேண்டும் என்று எனக்கு உத்தரவாகிவிட்டது.