வெற்றிலைத் தட்டும் மாடிப் போர்ஷனும்

பிற பண்பாட்டு மனிதர்களோடு பழகுவது எப்படி என்று வகுப்பெடுத்தே ஓய்வுபெற்றவன் நான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் பணியாளர் துறையில் வேலை. கொரிய மேலாளரிடமும் ஒடிசா வெல்டரிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று நம்மூர் சூப்பர்வைசர்களுக்குப் படம் போட்டு விளக்குவேன். (பாதிப் பேர் தூங்குவார்கள். அதுவும் ஒரு பண்பாடு என்று மதித்து விட்டுவிடுவேன்.) என் வகுப்பின் முதல் விதி: நீங்களாக எதையும் ஊகிக்காதீர்கள், கேளுங்கள். இதை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், என்னைத் தவிர.

ஓய்வுபெற்ற மறு வருடம். புதுவாயலில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாகக் கிடந்தது. கீழே, என் மகள் சுகன்யாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளைக் கேட்காமலே நான் இரண்டு இடங்களுக்குத் தலையாட்டி, பிறகு இரண்டு இடத்துக்கும் போய் மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

"இன்னொரு தபா என்னைக் கேக்காம யாருக்குனா வாக்கு குடுத்த, நைனா, பெங்களூருக்கு மாத்தல் வாங்கிக்கினு பூடுவேன்" என்று எச்சரித்திருந்தாள். வேலைக்குப் போகிற பெண். சொன்னால் செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டைத் திறந்துகொண்டு ஓர் இளைஞனும் ஓர் அம்மாளும் வந்தார்கள். அம்மாள் கையில் கால் வைத்த வெண்கலத் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு.

"வணக்கம் சார். நான் ரஞ்சன். அசாம். இது அம்மா" என்றான் இளைஞன், தொழிற்சாலையில் பழகிய தமிழில்.

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி மல்லிகா கிசுகிசுத்தாள். "ஏங்க, தட்டோட வந்துக்கீறாங்க. இன்னாத்துக்குனு கேளுங்க."

"வந்தவுடனே காரியத்தைக் கேட்பது அவர்கள் பண்பாட்டில் அவமரியாதை" என்றேன். (அப்படி எங்கே படித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

அந்த அம்மாள் துண்டை என் கழுத்தில் போட்டுத் தட்டை நீட்டினார். விருந்தினர் தருவதை மறுக்கக் கூடாது என்பது என் இரண்டாவது விதி. இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கம் பெண்ணைப் பெற்றவன் வெற்றிலைத் தட்டை வாங்கிவிட்டால் நிச்சயம் முடிந்தது என்று பொருள்.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. "வாங்கிக்கினாரே மனுசன்!"

மரியாதைக்குப் பாக்கை மென்றேன். மென்றால் உடம்பைச் சூடேற்றி வியர்க்க வைக்கும் பச்சைப் பாக்கு. காது சுட்டது, சட்டை நனைந்தது. பெண்ணைக் கொடுத்த தகப்பனின் உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். வாக்கு போய்விட்டது, விசாரணையாவது முறைப்படி நடக்கட்டும் என்று ஆரம்பித்தேன்.

"பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"பர்மனென்ட் சார்."

"குடிப்பழக்கம்?"

"ஐயோ, இல்ல சார்."

"கறி, மீன்?"

"மீன் சார். ஆனா வாசனை வெளிய வராது."

என்ன நாகரிகமான பையன்! ஆதார் கேட்டேன். நகலையே நீட்டினான். நகலோடு பெண் கேட்டு வந்த ஒரு வரனை நான் கண்டதில்லை. மனத்துக்குள் பந்தல் போட்டுவிட்டேன்.

"ஜாதகம் இருக்கா?"

முழித்தான். "அதும் வேணுமா சார்? முன்னாடி இருந்த ஊட்ல கேக்கலியே."

"முன்னாடி ஒரு வீடா?"

"ரெண்டு வருஷம் இருந்தேன் சார். என்னை அனுப்ப அவங்களுக்கு மனசே இல்ல."

துண்டு நழுவ எழுந்தேன். ஒரு வீட்டில் இரண்டு வருஷம் மருமகனாக இருந்துவிட்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறான்! "எந்திரி! இந்த ஊட்ல உனக்கு எடம் கெடையாது!" (கோபத்தில் என் இலக்கணம் புதுவாயலுக்கு இறங்கிவிடும்.)

ரஞ்சன் முகம் சுருங்கியது. "நாலு ஊட்ல இதான் சார் சொன்னாங்க. ஹிந்திக்காரனுக்கு இல்லனு. எனக்கு ஹிந்தியே சரியா வராது சார்."

அவன் அம்மாவுக்கு மொழி புரியவில்லை, குரல் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போது சுகன்யா வெளியே வந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் பெங்களூர் தெரிந்தது. பிறகு அவனிடம் திரும்பி, நான் அரை மணி நேரமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"உங்களுக்கு இன்னா வேணும்?"

"மாடி ஊடு, அக்கா. எங்க ஊர்ல பெரியவங்க கிட்ட எது கேக்கப் போனாலும் வெத்தல பாக்கு குடுத்துதான் கேப்போம். வைஃப் ஆட்டோல வெயிட் பண்ணுது."

எட்டிப் பார்த்தேன். தெருவில் ஆட்டோ. உள்ளே ஒரு பெண், மடியில் டேபிள் ஃபேன், காலடியில் கேஸ் அடுப்பு. வரனுக்கும் வாடகைக்காரனுக்கும் நம் ஊரில் ஒரே கேள்விகள்தான் என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"எங்க நைனா உன்னை மாப்ளைனு நெனச்சிக்கினாரு, தம்பி" என்று சொல்லிவிட்டு சுகன்யா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ரஞ்சன் அதை அசாமியில் சொல்ல, அவன் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய் டேபிள் ஃபேனை வாங்கி மாடிக்குத் தூக்கினேன். அதைவிட நல்ல மன்னிப்பு எனக்குத் தெரியவில்லை. பெங்களூர் மாற்றலும் ரத்தானது.

அடுத்த ஆண்டு சுகன்யா தானே தேர்ந்தெடுத்த பையன் வீட்டார் தட்டோடு வந்தார்கள். நான் கையை நீட்டினேன். உள்ளே இருந்து குரல்: "நைனா! மாடிக்கா, எனக்கானு கேட்டுக்கினு வாங்கு!"

முழுக் கதையும் அங்கேயே சபையில் சொல்லப்பட்டது. ரஞ்சன் நடித்தே காட்டினான். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் மாப்பிள்ளை இன்றுவரை என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை. ஹவுஸ் ஓனர் என்றுதான் கூப்பிடுகிறார்.