நாத சித்தரின் பனானா பின்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் பெங்களூரில் வேலையில்லாதவர்கள் சனிக்கிழமையும் நிம்மதியாகத் தூங்கினார்கள். வேலையில் இருந்தவர்கள் விடிந்ததும் எழுந்து அடுகோடிப் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். வரிசை லேத் பட்டறையைத் தாண்டி ஓசூர் ரோடு வரை நீளும். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் சுருட்டிய ஸ்பீக்கர் ஒயர். எல்லோரும் படித்தவர்கள், அதுவும் நிறையப் படித்தவர்கள்.

உள்ளே நாத சித்தர் தேசிகன் இருந்தார். ஒயர் நுனியில், ஆம்ப்ளிஃபயரில் மாட்டும் பித்தளை முனையான பனானா பின்னைச் செருகி, கருவியால் நசுக்கித் தருவார். அதை எந்த ரேடியோ கடையிலும் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள். ஆனால் சித்தர் ராகு காலம் தவிர்த்து, ஈசானிய மூலை பார்த்து, மூச்சை அடக்கி நசுக்குவார். அந்தப் பின்னில் வருவது பாட்டு மட்டும் இல்லையாம். மூட்டுவலி போகுமாம், பதவி உயர்வு வருமாம், அமெரிக்க விசா கூட வருமாம்.

ஹரிஷ்குமாரின் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் செய்ததில் தப்பு கண்டுபிடிக்காத நாளில் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. சித்தர் விஷயத்தில் மட்டும் மூளையை ஆபீசிலேயே பூட்டி வைத்துவிட்டான். காரணம் அப்பா. குடியாத்தத்திலிருந்து வந்திருந்த இராஜமாணிக்கத்துக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. தள்ளிப்போட்டால் மிச்சமும் போய்விடும் என்று ஊர் டாக்டர் எச்சரித்திருந்தார். இங்கே பெரிய காது டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தான்.

"டாக்டர் எதுக்குப்பா?" என்றார் சித்தர், சனிக்கிழமை வரிசையில் நின்று வந்த ஹரிஷிடம். "உன் வீட்டு ஒயர்ல நாத தோஷம் இருக்கு. பின்னை மாத்தினா காது தானா தெறக்கும். ரெண்டு வைத்தியம் ஒண்ணா பாத்தா பலிக்காது."

ஹரிஷ் டாக்டருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

அவன் குடியிருந்தது ரிச்சர்ட்ஸ் டவுனில், மௌரீன் வீட்டுக் கீழ்ப் போர்ஷன். மௌரீன் டெலிபோன் ஃபேக்டரியில் இருபது வருஷம் ஒயருக்குப் பின் நசுக்கி ரிட்டையர் ஆனவர்.

"லட்சம் பின் நசுக்கியிருப்பேன் ஹரிஷ். எனக்கு வந்தது தோள்பட்டை வலி மட்டும்தான்."

"அது வேற ஆன்ட்டி. அவரு மந்திரம் சொல்லிப் பண்றாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தரே எழுந்தருளினார். ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர் பயபக்தியோடு தரையில் உட்கார்ந்தார்கள். அப்பாவை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நாற்காலியில் அமர்த்தினார்கள். சித்தர் பழைய ஒயரில் நாதஸ்வரம் போட்டுக் காட்டினார். பிறகு தன் பின் போட்ட ஒயரை மாட்டினார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. இல்லாட்டி நாதம் கண்ணு வழியா வெளியே போயிடும்."

மூடினார்கள். நாதஸ்வரம் பொங்கியது. "என்னா டெப்த்!" என்றான் ஒருவன். ரகு என்பவன் அழுதே விட்டான்.

"சாமி, வால்யூமை ஏன் ஏத்தினீங்க?" என்று கேட்டார், மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த மௌரீன். அவர் கண்ணை மூடவில்லை.

"சந்தேகம் வந்தா நாதம் கெட்டுடும்மா."

"கெட்டா நான் பொறுப்பு. நீங்க சுவர்ப் பக்கம் திரும்பிக்குங்க. நான் ஒயரை மாத்தி மாத்திப் போடறேன். வால்யூமை யாரும் தொடக்கூடாது. உங்க ஒயர் வரும்போது சொல்லுங்க, போதும்."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தர் திரும்பித்தான் ஆகவேண்டியிருந்தது. மௌரீன் ஐந்து தடவை ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, மாட்டினார். மூன்று தடவை சித்தர் உருகிப்போய் "இதான் நம்ம நாதம்" என்றார். இரண்டு தடவை "சீ, தோஷம்" என்று முகம் சுளித்தார். திரும்பிப் பார்த்தபோது அவருடைய ஒயர் மௌரீனின் மடியில் கிடந்தது. ஐந்து தடவையும் பாடியது, கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியிலிருந்து வெட்டி அவர் கையோடு கொண்டுவந்திருந்த ஒயர்.

"ஆனா ஆன்ட்டி, அப்பாவுக்குக் கேக்குதே. தாளம் போடறாரு பாருங்க," என்றான் ஹரிஷ். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது.

மௌரீன் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். வீடு நிசப்தமானது. அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஹரிஷ் அவர் முன்னால் மண்டியிட்டான். "அப்பா, இப்ப எப்படி இருக்கு?"

அவர் மகனின் உதட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப நல்லா கேக்குதுப்பா. நீ இவ்ளோ பாடுபட்டிருக்கே, கேக்காம இருக்குமா?"

சித்தர் பையைச் சுருட்டிக்கொண்டு போனதைக்கூட ஹரிஷ் கவனிக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். திங்கட்கிழமை நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது, நாளைக் காலையிலேயே வந்து காத்திருந்தால் நடுவில் பார்க்கலாம் என்றார்கள். வருகிறேன் என்றான்.

ரகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா நான் அழுதேனே ஆன்ட்டி, அது பொய்யா?"

"நிஜம்தாம்பா. வாசிச்சவன் நல்லா வாசிச்சான், நீ அழுதே. அதுக்கு இந்தாளு எதுக்கு நடுவுல?"

பத்துப் பேரும் சித்தர் சொன்னவுடன் கண்ணை மூடிக்கொண்டவர்கள். நீங்களாவது ஒன்று செய்யுங்கள். ஒருவன் ஊரையே கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் திறந்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் அவன் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.