மாமா, இந்த மே மாதம் ஏரிப்பக்கம் வராதீர்கள்

பாஸ்டன் நகரத்துக் கூரைகளின் மேல் ஏறி நின்று பிழைக்கும் மாண்புமிகு மலாக்கி மாமா அவர்களுக்கு, தங்கள் மருமகள் ப்ரோனா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, ஆடுகள், மழை எல்லாரும் நலம். அங்கே தங்கள் முட்டி நலமா?

வழக்கம்போல விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் காரிப் ஏரிக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். எதற்கு மாமா? அயர்லாந்தில் தண்ணீருக்கா பஞ்சம்? கெர்ரிக்குப் போங்கள். அங்கே இன்ச் என்ற கடற்கரையில் சாயங்காலம் முழங்காலளவு நீரில் நின்றால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த மயக்கத்தில் கொடுவா மீன் ஒன்று வந்து தூண்டிலை இழுத்து உங்களை எழுப்பும். இல்லையென்றால் லீட்ரிம் கால்வாய். விடியற்காலைப் பனிமூட்டத்தில் அன்னங்கள் பாதி மட்டும் தெரியும், மீன்கள் தூக்கத்தில் பேசுவதுபோல அடியிலிருந்து குமிழி குமிழியாக வரும், நீங்களும் கரையில் சாய்ந்து தூங்கலாம், எத்தனை பிடித்தாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இதில் எனக்குத் துளியும் சுயநலம் இல்லை. ஒரு படகளவுதான். தூண்டிலுக்கு இரையாகும் மே ஈக்கள் ஏரியிலிருந்து எழும்பிவிட்டன மாமா. புதர் புதராகத் தேடி அவற்றை உயிரோடு டப்பாவில் பிடித்துத் தருவது வருஷா வருஷம் நான். அவற்றை முள்ளில் கோத்து, நீளக் கழியில் காற்றோடு பறக்கவிட்டு, ட்ரௌட் மீனின் மூக்குக்கு மேலே நடனமாட விடுவது நீங்களும் அப்பாவும். இந்த முறை டப்பாவோடு நானும் படகில் ஒரு காலை வைத்தேன்.

"எறங்குடி," என்றார் அப்பா. "செவப்புத் தலமுடிப் பொண்ணு எதிர்ல வந்தாலே மீன் சிக்காதுன்னு எங்கப்பா படகத் திருப்பிக் கட்டிட்டு வந்துடுவாரு. நீ உள்ளயே ஏறுற."

"அது கடலுக்குப்பா. இது ஏரி."

"தண்ணி தண்ணிதான்."

"அப்ப டீக்கு மட்டும் ஏன் என்னையே தண்ணி வைக்கச் சொல்றீங்க?"

மறுநாள் கம்பளிக் குல்லாய்க்குள் என் தலையெழுத்தை மறைத்துக்கொண்டு போனேன். துறையில் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது. படகைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பெஸ்டஸ் என் தலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், படகை மறுபடி கட்டினார். "ஒம் பொண்ணு தலைய ஒரு சாக்குல போட்டுக் கட்டி வைய்யா," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்பா என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆகவே மாமா, நீங்கள் வராவிட்டால் படகுக்கு இரண்டாவது ஆள் கிடையாது. துடுப்பையும் கழியையும் ஒருவரே பிடிக்க முடியாது. அப்பா கண்ணை மூடிக்கொண்டாவது என்னை ஏற்றித்தான் ஆகவேண்டும்.

தங்கள் முட்டி மடங்கவும் ஏணி வழுக்காதிருக்கவும் எல்லாப் புனிதர்களையும், குறிப்பாகச் சிவப்பு முடி இல்லாதவர்களை, வேண்டிக்கொள்ளும்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ப்ரோனா

பி.கு.: மேலே உள்ளதை எல்லாம் மறந்துவிடுங்கள். சிவப்பை மறைக்க முதலில் நிறம் எடுக்கும் மருந்து, பிறகு சாம்பல்நிறச் சாயம் என்று போட்டதில் என் தலை இப்போது ஏரிப்பாசிப் பச்சை. அம்மா உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "பச்சத் தலையப் பத்தி எங்கப்பா ஒண்ணும் சொல்லல," என்றார். "ஏறு."

நடுஏரியில் துடுப்பை எடுத்து வைத்துவிட்டு மிதந்தோம். நாணல் என்று நினைத்தனவோ என்னவோ, மே ஈக்கள் ஒவ்வொன்றாக வந்து என் தலையில் உட்கார்ந்தன. டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்பா கையை நீட்டி என் முடியிலிருந்தே எடுத்து எடுத்துக் கோத்தார். நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன்.

கழி இரண்டும் எங்களுக்கு. துடுப்புக்குத்தான் ஆள் இல்லை. கெர்ரியில் ஒரே கூட்டமாம், கால்வாயில் கொசு மட்டும்தான் கடிக்குமாம். உடனே புறப்படுங்கள் மாமா, என் முடி வேரில் சிவப்பு எட்டிப் பார்ப்பதற்குள்.