ஒன்பது நாள் சரிவும் ஒரு காதும்

இவர் பொய் சொல்கிறார். ஆனால் எவ்வளவு பெரிய பொய்?

தேநீர்க் கோப்பைக்கு மேலாக அவள் கணவரைப் பார்த்தாள். பங்குத் தரகு அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொல்வது அவர் வேலை. ஒன்பது நாளாகச் சந்தை சரிந்துகொண்டிருந்தது.

"நிஜமாவே பயப்பட ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. நான் வாங்கச் சொன்னதெல்லாம் நல்ல கம்பெனி. தானா ஏறும்" என்றார். வலது கை மேலே போய்க் காது மடலைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் காதை அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஒரே கட்டடத்தில் வாடகைக்கு இருந்த ஐந்தாறு பேர், அவளும் அவரும் உட்பட, ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் போக்கர் சீட்டு ஆடுவார்கள். பணயம், சட்டைப் பொத்தான்கள். அவள் உற்றுப் பார்ப்பாள். அவர் காதைப் பிடிப்பார். சற்று நேரத்தில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார். காதைப் பிடித்தால் கையில் ஒன்றுமில்லை என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். யாருக்கும் சொல்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாரப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைபவள். அன்று வரைந்தது, மூழ்கும் படகில் ஓர் ஆலோசகர். ஒரு கையால் காதைப் பிடித்தபடி 'தண்ணி தானா வடிஞ்சிடும்' என்கிறார். முகத்தை மாற்றத்தான் நினைத்தாள். பென்சில் கேட்கவில்லை. அதே வழுக்கை, அதே மீசை.

பத்திரிகை வந்த அன்று மதியம் கணவர் போன் செய்தார்.

"படத்துல இருக்கறது நான்தான்னு எல்லாரும் சொல்றாங்க. ஏழு பேர் கணக்கை மூடிட்டாங்க. இன்னும் மூணு பேர் போனா நாளையிலேர்ந்து வரவேண்டாம்னுட்டார் மேனேஜர்."

"ஐயோ! நான் சரி பண்றேங்க."

பத்திரிகை ஆசிரியரிடம் கெஞ்சினாள். அவர் நல்ல மனிதர். இணையப் பதிப்பில் கையைக் காதிலிருந்து மூக்குக்கு மாற்றவைத்தார். அரை மணி நேரத்தில் இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டி, 'வித்தியாசம் கண்டுபிடியுங்கள்' என்று யாரோ ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அதுவரை காதைக் கவனிக்காதவர்களும் கவனித்தார்கள்.

"கையை பேண்ட் பாக்கெட்ல விட்டுக்கங்களேன்" என்று கணவருக்குப் போனில் யோசனை சொன்னாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "கையை எதுக்கு ஒளிக்கிறேன்னு கேக்கறாங்க. எட்டு ஆச்சு."

இனி நேரில் போவதுதான் வழி.

அலுவலகச் சுவர்த் திரையில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை. இருபது பேர் கணவரின் மேஜையைச் சுற்றி நின்று அவர் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைகளையும் மேஜைமேல் பரப்பிவைத்து, அவர் ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"படம் வரைஞ்சது நான்தாங்க. ஆனா இவரை வரையல" என்றாள் அவள்.

"பின்ன யாரை வரைஞ்சீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவருடைய வலது கை மேஜையிலிருந்து மெல்லக் கிளம்பிக் காதைப் பிடித்தது.

"பிடிச்சுட்டார்! என்னுதை வித்துடுங்க!"

"என்னுதையும்! என்னுதை முதல்ல!" படிவங்கள் நீண்டன.

பின்னாலிருந்து ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். மொட்டைமாடியில் கணவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடிய பல் டாக்டர். இப்போது அவரும் ஒரு வாடிக்கையாளர்.

"காலையிலேர்ந்து நிக்கறேன், இப்பத்தான் முதல் தடவை காதைப் பிடிக்கிறான்" என்றார். "தங்கச்சி, நாலு ராஜா, ஜெயிக்கிற சீட்டு, அதைக் கையில வச்சுக்கிட்டே கவிழ்த்துட்டு ஓடினவன் இவன். நான் என் கண்ணால பாத்தேன். இவன் காதுக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீ பாத்தா பிடிப்பான், அவ்வளவுதான்."

நீண்டிருந்த படிவங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. யாரோ கனைத்தார்கள். கணவரின் வழுக்கை வரை சிவந்துவிட்டது.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கயேன்" என்றார், தலையைத் தூக்காமல். "எனக்கு வேலை இருக்கு."

அவள் நாற்காலியை அவருக்கு நேரெதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாட்டேங்க" என்றாள் மெதுவாக.